நட்சத்திரத்துக்கும் கண்ணுக்கும் ஒரே கருவி

கருவிழியை, அதாவது கண்ணின் முன்பக்கத்தில் ஒளி புகும் படலத்தை, லேசரால் செதுக்கிப் பவரைச் சரிசெய்யும் லேசிக் செய்துகொள்வதற்கு முன்னால் உங்களுக்கு ‘வேவ்ஃபிரண்ட்’ என்றொரு பரிசோதனை எடுத்தார்கள். அந்தக் கருவி தொலைநோக்கி ஆராய்ச்சியிலிருந்து வந்தது என்று அங்கே யாரோ சொன்னார்கள். அது உண்மையா, கருந்துளை தேடுகிறவர்களுக்கும் கண் பவருக்கும் என்ன சம்பந்தம், இந்த முறையில் செய்யும் லேசிக்குக்குக் கூடுதலாகப் பணம் கட்டத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் ஒன்றோடொன்று பின்னியவை என்பதால் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

உண்மைதான். ஆனால் ‘விண்வெளி ஆராய்ச்சியின் உபரிப் பயன்’ என்று பலர் இதைச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. இதற்கான யோசனை முதலில் பிறந்தது கண்ணில். அங்கிருந்து வானியலுக்குப் போய், பனிப்போர்க் காலத்தில் ராணுவத்துக்கு வேலை செய்து, ஏறத்தாழ 375 ஆண்டுகள் கழித்து மீண்டும் கண்ணுக்கே வந்து சேர்ந்தது.

கிறிஸ்டோஃப் ஷைனர் என்ற இயேசு சபைத் துறவி 1619இல் கண்ணைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சூரியப் புள்ளிகள் விஷயத்தில் கலிலியோவோடு மல்லுக்கு நின்ற அதே ஷைனர்தான். அவருடைய சோதனையை நீங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பழைய விசிட்டிங் கார்டில் குண்டூசியால் இரண்டு துளை போடுங்கள். நடுவே இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி போதும். இரண்டு துளையும் கண்மணிக்குள் அடங்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கார்டை மறு கண்ணை ஒட்டிப் பிடித்துத் தெருக்கோடி விளக்கைப் பாருங்கள். உங்களுக்குக் கிட்டப்பார்வை இருப்பதால் ஒரே விளக்கு இரண்டாகத் தெரியும். ஒரு துளையை அடைத்தால் அவற்றில் ஒன்று மறைந்துவிடும். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துவிடும்.

கண்ணின் இந்தப் பகுதி வழியாக வரும் ஒளி எங்கே போய் விழுகிறது, அந்தப் பகுதி வழியாக வருவது எங்கே விழுகிறது என்று இரண்டு துளைகளும் தனித்தனியாகக் காட்டிக்கொடுக்கின்றன. இரண்டும் ஒரே இடத்தில் விழுந்தால் குவியம் சரி. விலகி விழுந்தால், எவ்வளவு விலகல் என்பதே எவ்வளவு பவர் என்பதைச் சொல்லிவிடும். கண்ணாடிக் கடையில் தாடையை வைக்கச் சொல்லி உள்ளே ஒரு பலூன் படத்தைக் காட்டுவார்களே, அந்தக் ‘கம்ப்யூட்டர் டெஸ்ட்’ கருவிகள் பலவற்றில் இன்றும் வேலை செய்வது ஷைனரின் தத்துவம்தான்.

இனி ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரத்துக்குப் போவோம். அங்கே டெலிகிராஃபென்பெர்க் என்ற குன்றின் மேல் உள்ள வானியற்பியல் ஆய்வகத்தில் 1899இல் 80 செ.மீ. லென்ஸ் கொண்ட பெரிய தொலைநோக்கியை நிறுவினார்கள். அவ்வளவு பெரிய லென்ஸில் எந்த இடத்தில் எவ்வளவு பிழை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அங்கே பணியாற்றிய யோஹன்னஸ் ஹார்ட்மன், பல துளைகள் போட்ட தட்டு ஒன்றை லென்ஸுக்கு முன்னால் வைத்தார். ஒவ்வொரு துளை வழியாகவும் வந்த ஒளிப்புள்ளியைப் புகைப்படத் தகட்டில் பதிவு செய்து, எந்தப் புள்ளி இடம் தவறியிருக்கிறது என்று அளந்தார். ஷைனரின் இரண்டு துளைகள் அவரிடம் பலவாகிவிட்டன. லென்ஸின் குறை எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு வரைபடமே கிடைத்தது. இதே ஹார்ட்மன்தான் 1904இல் ஓரியன் இடைக்கச்சையில் இருக்கும் மின்டாகா விண்மீனின் நிறமாலையை ஆராய்ந்து, விண்மீன்களுக்கு இடையில் வாயு பரவிக் கிடக்கிறது என்பதற்கு முதல் சான்று தந்தவர்.

அந்தக் குன்றைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 1881இல் ஆல்பர்ட் மைக்கல்சன் தன் குறுக்கீட்டுமானியை வைத்து, ஒளி பரவும் ஊடகம் என்று அப்போது நம்பிய ‘ஈதர்’ இருக்கிறதா என்று தேடியது அதே ஆய்வகத்தின் நிலவறையில். பெர்லினில் தெருப் போக்குவரத்தின் அதிர்வு தாங்கவில்லை என்று அங்கே கொண்டுபோனார். ஒரு கற்றையை இரண்டாகப் பிரித்து, வெவ்வேறு பாதையில் அனுப்பி, மறுபடி சேர்த்துப் பார்க்கும் அந்த அமைப்பின் நேர் வாரிசுதான் 1991இல் மாசசூசெட்ஸில் உருவான ஓசிடி. சர்க்கரை நோயாளிகளுக்கு விழித்திரையில் நீர் கோத்திருக்கிறதா என்று எடுக்கும் ஸ்கேன் அது. 2015 செப்டம்பர் 14 அன்று இரண்டு கருந்துளைகள் மோதிய அதிர்வைப் பிடித்த லைகோ என்ற ஈர்ப்பலை ஆய்வகமும் நான்கு கிலோமீட்டர் கைகள் கொண்ட மைக்கல்சன் அமைப்புதான். ஆக, கண் மருத்துவமனையில் நீங்கள் உட்கார்ந்து எழுந்த கருவிகளில் இரண்டுக்கு வேர் அந்த ஒரே குன்றில் இருக்கிறது.

ஹார்ட்மன் முறையில் ஒரு சிக்கல். துளைகளுக்கு இடையே உள்ள தகடு பெரும்பகுதி ஒளியைத் தடுத்துவிடும். தொலைநோக்கி லென்ஸைச் சோதிக்க அது பரவாயில்லை. பிரகாசமான விண்மீனைப் பார்த்துக் காத்திருக்கலாம். 1960களின் இறுதியில் அமெரிக்க விமானப்படைக்கு வேறு தேவை வந்தது. செயற்கைக்கோள்களைத் தரையிலிருந்து படம் எடுத்தால் காற்று மண்டலம் எல்லாவற்றையும் கலக்கிவிடுகிறது. படம் எடுக்கும் அதே கணத்தில் காற்று செய்த குளறுபடியையும் அளந்துவிட்டால் பிறகு திருத்திக்கொள்ளலாம். ஆனால் அதற்கு ஒளி போதவில்லை. அரிசோனா பல்கலைக்கழகத்தில் ஏடன் மைனல் இந்தப் பிரச்சினையை முன்வைக்க, ரோலண்ட் ஷாக் ஒரு வழி சொன்னார்: துளைகளுக்குப் பதிலாகக் குட்டிக் குட்டி லென்ஸ்களை இடைவெளியே இல்லாமல் அடுக்கிவிடு. ஒளி வீணாகாது, ஒவ்வொரு புள்ளியும் கூர்மையாகவும் விழும். அப்படிப்பட்ட லென்ஸ் வரிசையை அப்போது யாரும் செய்து விற்கவில்லை. ஷாக்கோடு பணியாற்றிய பென் பிளாட் பல வழிகளில் முயன்று, பிளாஸ்டிக் தகட்டை அச்சில் அழுத்தி அதைச் செய்தெடுத்தார். 1971இல் வெளியே சொன்னார்கள். இன்று அதன் பெயர் ஷாக்-ஹார்ட்மன் உணரி.

அந்தக் கருவிக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். தொலைவில் உள்ள விண்மீனின் ஒளி சமதள அலைமுகப்பாக வருகிறது. ஒளி அலை முன்னேறி வரும் முகப்புதான் அலைமுகப்பு; உங்கள் பரிசோதனையின் பெயரில் உள்ள ‘வேவ்ஃபிரண்ட்’ இதுவே. பிழையில்லாத அலைமுகப்பு லென்ஸ் வரிசையில் பட்டால், ஒழுங்கான கட்டங்களின் நடுவில் புள்ளி வைத்ததுபோல் ஒளிப்புள்ளிகள் விழும். அலைமுகப்பு எங்கே சாய்ந்திருக்கிறதோ அங்கே உள்ள புள்ளி மட்டும் நகரும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குட்டி லென்ஸின் அகலம் 0.4 மி.மீ., குவியத் தூரம் 20 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அகலத்துக்குள் அலைமுகப்பு ஒரு மைக்ரோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு சாய்ந்தால், புள்ளி ஐந்து மைக்ரோமீட்டர் நகரும். சாதாரண கேமரா சிப்பின் ஒரு பிக்சல் அளவு அது. ஒளியின் அலைநீளத்தில் ஐந்தில் ஒரு பங்கைவிடச் சிறிய பிழையை, எந்த மாயமும் இல்லாமல், புள்ளி நகர்ந்த தூரத்தை வைத்தே பிடித்துவிடலாம். இப்படி அளந்த எல்லாச் சாய்வுகளையும் கூட்டி இணைத்தால் முழு அலைமுகப்பின் வடிவமும் கிடைக்கிறது.

அளந்தாயிற்று. திருத்துவது எப்படி? விண்மீன்கள் மினுங்குவதற்குக் காற்றின் நடுக்கமே காரணம் என்றும், உயர்ந்த மலை உச்சிகளின் அமைதியான காற்றே அதற்கு மருந்து என்றும் 1704இலேயே நியூட்டன் எழுதிவிட்டார். மலை ஏறினாலும் மிச்சம் இருந்தது. நல்ல இடத்தில்கூடக் காற்று ஒரு விண்மீனை ஏறத்தாழ ஒரு ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரியில் 3600இல் ஒரு பங்கு) அகலத்துக்குப் பரப்பிவிடும். ஒரு ரூபாய் நாணயத்தை ஐந்து கிலோமீட்டர் தொலைவில் வைத்தால் தெரியும் அகலம் அது. கேட்கச் சிறியதுதான். ஆனால் இதனால் எட்டு மீட்டர் தொலைநோக்கியின் கூர்மை, காட்சி ஒளியில், பத்து இருபது சென்டிமீட்டர் தொலைநோக்கியின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஒளி நிறையக் கிடைக்கும், விவரம் கிடைக்காது. 1953இல் ஹோரஸ் பாப்காக் என்ற அமெரிக்க வானியலாளர், அலைமுகப்பை அளந்துகொண்டே அதற்கு எதிர்மாறாக ஒரு பரப்பைக் கணத்துக்குக் கணம் வளைத்தால் படம் நேராகும் என்று எழுதினார். அவர் சொன்னதைச் செய்யும் மின்னணுவும் கணினியும் அப்போது இல்லை. அதற்கு முதலில் பணம் கொட்டியது அமெரிக்க ராணுவம். வானியலாளர்கள் பகிரங்கமாகச் செய்து காட்டியது 1989 அக்டோபரில், பிரான்ஸின் ஓட் ப்ரோவான்ஸ் ஆய்வகத்தில், 19 உந்துகோல்களால் வளையும் ஒரு கண்ணாடியை வைத்து.

இன்னொரு தடை இருந்தது. காற்றை அளக்க, பார்க்க வேண்டிய பொருளுக்குப் பக்கத்திலேயே பிரகாசமான விண்மீன் ஒன்று வேண்டும். வானத்தின் பெரும்பகுதியில் அப்படி ஒன்று கிடைக்காது. தரையிலிருந்து 90 கி.மீ. உயரத்தில், எரிகற்கள் விட்டுச்சென்ற சோடியம் அணுக்களின் மெல்லிய அடுக்கு இருக்கிறது. மஞ்சள் நிற லேசரை அதில் பாய்ச்சினால் அங்கே ஒரு புள்ளி ஒளிரும். நாமே செய்த விண்மீன்! அமெரிக்க ராணுவம் இந்த வேலையை ரகசியமாக வைத்திருந்தது. 1985இல் ஃபோய், லபேரி என்ற இரண்டு பிரெஞ்சு வானியலாளர்கள் லேசர் விண்மீன் யோசனையைத் தாங்களாகவே கண்டுபிடித்து வெளியிட்டார்கள். அதற்குப் பிறகும் ஆறு ஆண்டுகள், 1991 வரை, ராணுவ ஆய்வு வெளியே வரவில்லை. அறிவியலில் ரகசியத்துக்கு நாம் கொடுக்கும் விலை இது. ஒரே மலையை இரண்டு தரம் ஏற வேண்டியிருந்தது.

இதெல்லாம் எதற்கு என்றால், நம் பால்வீதியின் மையத்துக்கு. அங்கே எஸ்2 என்ற விண்மீன், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றை 16 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுகிறது. அதன் முழுப் பாதையும் வானில் கால் ஆர்க் செகண்டைச் சுற்றித்தான். காற்று பரப்பிவிடும் மங்கலுக்குள்ளேயே மொத்தமும் அடங்கிவிடும். 1990களில் ரைன்ஹார்ட் கென்செல் குழுவும் ஆண்ட்ரியா கெஸ் குழுவும் மிகக் குறுகிய நேரப் படங்களை ஆயிரக்கணக்கில் எடுத்து அடுக்கும் முறையில் தொடங்கினார்கள். பிறகு வளையும் கண்ணாடிகள் வந்தபோதுதான் பாதை தெளிவாகத் துலங்கியது. அந்த ‘ஏதோ ஒன்று’ சூரியனைப் போல் 40 லட்சம் மடங்கு நிறை கொண்ட கருந்துளை என்று உறுதியானது. 2020இல் இருவருக்கும், ரோஜர் பென்ரோஸோடு சேர்த்து, நோபல் பரிசு. இன்று சிலியில் உள்ள விஎல்டி தொலைநோக்கி ஒன்றின் துணைக்கண்ணாடி 1.1 மீட்டர் அகலம், இரண்டு மில்லிமீட்டர் கனம். பின்னால் 1170 உந்துகோல்கள். நொடிக்கு ஆயிரம் தடவை வரை அது தன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது.

இப்போது உங்கள் கண்ணுக்கு வருவோம்.

கண்ணுக்குள் விழித்திரையைப் பார்க்க முயலும் மருத்துவரின் நிலையும் வானியலாளர் நிலைதான். பார்க்க வேண்டியது ஒரு பக்கம், பார்ப்பவர் மறுபக்கம். நடுவே ஒழுங்கில்லாத ஊடகம். அங்கே காற்று. இங்கே கண்ணீர்ப் படலம், கருவிழி, கண் லென்ஸ். சாதாரணக் கண்ணாடி குவியப் பிழையையும் சிலிண்டர் பிழையையும் சரிசெய்யும். அதற்கு மேல் மிஞ்சும் நுணுக்கமான கோணல்களை உயர்நிலைப் பிறழ்ச்சிகள் என்கிறார்கள். டச்சு இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் ஸெர்னிகே 1934இல் தந்த கணித உருக்களால்தான் தொலைநோக்கிக்காரர்களும் கண் மருத்துவர்களும் அவற்றை இன்றும் எழுதுகிறார்கள். உங்கள் அறிக்கையில் ‘கோமா’, ‘ட்ரெஃபாயில்’ என்று இருந்திருக்குமே, அவை அந்தப் பட்டியலில் வருபவைதான்.

ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் யோசஃப் பில்லே குழுவில் ஆய்வு செய்த ஜுன்ஷோங் லியாங், 1994இல் ஷாக்-ஹார்ட்மன் உணரியைக் கண் முன்னால் வைத்து மனிதக் கண்ணின் பிறழ்ச்சிகளை அளந்து வெளியிட்டார். கண்ணுக்குள் விண்மீன் ஏது? மெல்லிய லேசர்க் கற்றையை விழித்திரையில் ஒரு புள்ளியாக விழச் செய்தார்கள். அந்தப் புள்ளியிலிருந்து திரும்பி வெளியே வரும் சிறிதளவு ஒளி, கண்ணின் எல்லாக் கோணல்களையும் சுமந்துகொண்டு வருகிறது. சோடியம் அடுக்கில் செய்த அதே தந்திரம். நீங்கள் கருவிக்குள் பார்த்துக்கொண்டிருந்தபோது உங்கள் விழித்திரையில் இருந்தது அப்படியொரு செயற்கை விண்மீன்.

பிறகு லியாங் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டேவிட் வில்லியம்ஸோடு சேர்ந்தார். 37 உந்துகோல்கள் கொண்ட வளையும் கண்ணாடியையும் இணைத்து 1997இல் அவர்கள் காட்டிய படங்களை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்ப்பாக இருக்கிறது. உயிரோடு இருக்கும் மனிதரின் கண்ணில், நிறத்தை உணரும், சில மைக்ரோமீட்டர் அகலமே உள்ள கூம்பு செல்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அதற்கு முன்பு இறந்தவர்களின் கண்களை நுண்ணோக்கியில் வைத்துத்தான் அவ்வளவு தெளிவாகப் பார்த்திருந்தார்கள். 1999இல் ஆஸ்டின் ரூர்டாவும் வில்லியம்ஸும் எந்தக் கூம்பு எந்த நிறத்துக்கு என்று பிரித்தே காட்டினார்கள். அதில் இரண்டு பேரின் கண்கள் எல்லோரையும் யோசிக்க வைத்தன. ஒருவருக்குச் சிவப்பு உணரும் கூம்புகள் பச்சை உணர்பவற்றைப் போல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. மற்றவருக்கு இரண்டும் ஏறக்குறையச் சமம். ஆனாலும் இருவருக்கும் நிறப்பார்வை இயல்பாகவே இருந்தது. அப்படியென்றால் நிறம் பார்ப்பதில் பெரும்பங்கு விழித்திரையைத் தாண்டி மூளையில் நடக்கிறது. 2025இல் ரூர்டா இடம்பெற்ற பெர்க்லி குழு, பச்சைக் கூம்புகளை மட்டும் தனியே லேசரால் தூண்டி, இயற்கையில் பார்க்கவே முடியாத அடர்த்தியுள்ள ஒரு நீலப்பச்சையை ஐந்து பேருக்குக் காட்டியது. ‘ஓலோ’ என்று பெயர் வைத்தார்கள்.

மருத்துவத்துக்கு என்ன லாபம் என்றால், பரம்பரை விழித்திரை நோய்களில் கூம்புகள் எவ்வளவு வேகமாக அழிகின்றன என்று செல் கணக்கில் தொடர முடிகிறது. புதிய சிகிச்சை வேலை செய்கிறதா என்று அறிய, நோயாளி எழுத்து வாசிக்கும் திறன் குறையும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் இது இன்னும் ஆய்வுக்கூடக் கருவியாகவே நிற்கிறது. விலை அதிகம், ஒரு தடவையில் விழித்திரையின் சிறு துண்டுதான் தெரியும், கண்புரை இருந்தால் படம் கெடும். ஓசிடி போல் இது ஊருக்கு ஊர் போய்ச் சேராததற்குக் காரணம் அதுதான்.

லேசிக் கதையில் நம் ஊர்க்காரர் ஒருவர் வருகிறார். 1929இல் சென்னையில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி ஸ்ரீனிவாசன், ஐபிஎம் ஆய்வகத்தில் புறஊதா லேசரை வைத்துப் பிளாஸ்டிக் படலங்களை நுட்பமாகப் பொறிக்கும் வேலையில் இருந்தார். 1981 நவம்பர் 27, அமெரிக்காவில் நன்றி தெரிவிக்கும் நாளுக்கு மறுநாள், விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார். எக்சைமர் என்ற அந்தப் புறஊதா லேசர் பட்ட இடத்தில் திசு சுத்தமாக வெட்டுப்பட்டிருந்தது. சுற்றிலும் தீய்ந்த தடமே இல்லை. 193 நானோமீட்டர் ஒளிக்கு மூலக்கூறுப் பிணைப்புகளையே அறுக்கும் ஆற்றல் உண்டு. சூடு பரவுவதற்குள் பொருள் பறந்துவிடுகிறது. 1983இல் கண் மருத்துவர் ஸ்டீஃபன் ட்ரோக்கல் அவரோடு சேர்ந்து இதைக் கருவிழியில் சோதித்தார். ஒரு துடிப்புக்கு நீங்குவது ஏறத்தாழ கால் மைக்ரோமீட்டர். கருவிழியில் அவ்வளவு நீக்கினால் அலைமுகப்பு ஒரு மைக்ரோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு மாறும். உணரி அளக்கும் நுணுக்கமும் லேசர் செதுக்கும் நுணுக்கமும் ஒரே அளவில் வந்து நின்றபோது இரண்டையும் இணைக்காமல் எப்படி இருப்பார்கள்? 1999இல் டிரெஸ்டனில் தியோ சைலர் குழு அலைமுகப்பு வழி லேசிக்கைச் செய்தது. 2002இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஷாக்கும் பிளாட்டும் தங்கள் உணரியின் வரலாற்றை 2001இல் எழுதியபோது, அது வெளிவந்தது ஒரு கண் அறுவை சிகிச்சை இதழில்!

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. ‘கழுகுப் பார்வை’ கிடைக்கும் என்று அந்த நாட்களில் எழுந்த எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. லேசர் வைப்பதற்காகக் கருவிழியின் மேற்பகுதியை மெல்லிய மடலாகத் திறப்பதும் அது ஆறுவதும் புதிதாகச் சில பிறழ்ச்சிகளை உண்டாக்குகின்றன. அதோடு கண்ணின் பிறழ்ச்சி நிலையானதல்ல. கிட்டத்தில் பார்க்கும்போது ஒன்று, தூரத்தில் ஒன்று, வயது ஏற ஏற வேறொன்று. தொலைநோக்கிக் கண்ணாடி நொடிக்கு ஆயிரம் தடவை தன்னைத் திருத்திக்கொள்ளும். உங்கள் கருவிழியைச் செதுக்குவதோ ஒரே ஒரு முறை. அதனால் பிறழ்ச்சி குறைவாக உள்ள கண்ணுக்கு, நன்றாகச் செய்யப்படும் வழக்கமான நவீன லேசிக்கும் இதுவும் ஏறக்குறைய ஒரே பார்வையைத்தான் தரும். கண்மணி விரியும் இரவு நேரத்தில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டமும் கீற்றும் ஏற்கெனவே தொல்லை தருகிறவர்களுக்கும், முன்பு செய்த சிகிச்சையில் கோணல் மிஞ்சியவர்களுக்கும்தான் வித்தியாசம் தெரிய வாய்ப்பு.

என் கருத்தில், பணம் கட்டி எடுத்த அளவீடு எப்படியும் வீண் இல்லை. கோமா வழக்கத்துக்கு மீறி இருந்தால் அது கருவிழி கூம்பாகத் துருத்தும் கெரட்டோகோனஸின் தொடக்கமாக இருக்கக்கூடும். கருவிழியின் மேற்பரப்பை வரைபடமாகக் காட்டும் டோபோகிராஃபியோடு ஒப்பிட்டு அதைக் கண்டுகொண்டால், செய்யக்கூடாத லேசிக்கைத் தவிர்க்கலாம். அறிக்கையை வாங்கி, ஆறு மில்லிமீட்டர் கண்மணிக்கு உங்கள் மொத்த உயர்நிலைப் பிறழ்ச்சி எவ்வளவு என்று மருத்துவரிடம் கேளுங்கள். சாதாரணக் கண்களில் சராசரி 0.3 மைக்ரோமீட்டரை ஒட்டி இருக்கும். உங்களுடையது அதைச் சுற்றி இருந்து, இரவுப் பார்வையிலும் குறையில்லை என்றால் கூடுதல் கட்டணம் அவசியமில்லை என்பேன். முடிவை மட்டும் உங்கள் கண்ணைப் பார்த்த மருத்துவரோடு பேசி எடுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர் என்றால், அவர்கள் சொல்லும் நாட்களுக்கு முன்பே அதை நிறுத்தியிருந்தீர்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். கண் உலர்வு இருந்தால் அதற்குச் சிகிச்சை எடுத்துவிட்டுப் பரிசோதனையை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். கண்ணீர்ப் படலம் கலைந்திருந்த நேரத்தில் எடுத்த அளவை நம்பிக் கருவிழியில் லேசர் வைக்கக் கூடாது.